வயிற்று வாயு: உங்களுக்கும் வீட்டு நாய்க்கும் காரணம் கண்டுபிடித்துக் குறைப்பது எப்படி?

வாயு பிரிவது நோய் இல்லை. ஆரோக்கியமான ஒருவருக்கே ஒரு நாளில் 10 முதல் 20 முறை வரை பிரியும். மொத்தமாக அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வரலாம். அதில் 99 சதவீதத்துக்கும் மேல் நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன்தான். இவற்றில் எதற்கும் வாடை கிடையாது. மூக்கைப் பொத்த வைப்பது மிச்சமுள்ள துளியூண்டு கந்தகச் சேர்மங்கள். ஆகவே அளவு ஒரு பிரச்சினை, நாற்றம் வேறொரு பிரச்சினை. ஒன்றுக்கான தீர்வு மற்றதற்கு உதவாமல் போகலாம்.

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் இரண்டும் இங்கே வரவில்லை. அவை இரைப்பை அமிலத்தின் கோளாறு. ‘கேஸ் மாத்திரை’ என்று நாம் வாங்கி வரும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் அமிலத்தைத்தான் குறைக்கும், குடலில் உருவாகும் வாயுவைக் குறைக்காது. மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுகுடலில் கிருமிகள் பெருகி, சிலருக்குப் பொருமல் கூடவும் செய்யும்.

கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியம். பலரும் மாத்திரையில் தொடங்கி, அது கேட்காவிட்டால் ஒரே நாளில் பால், பருப்பு, கோதுமை மூன்றையும் நிறுத்துகிறார்கள். வயிறு சரியாகிவிடுகிறது, எதனால் சரியானது என்று மட்டும் தெரிவதில்லை.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, ஒரு 200 மி.லி. டம்ளர், ஒரு அளவுக் கப், நீங்கள் தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். நாய்க்கு அதன் இன்றைய எடை; இரண்டு வாரம் கழித்து ஒப்பிட அது வேண்டும். நாய் தராசில் நிற்காவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் நின்று, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒன்று அல்லது இரண்டு வாரம் பிடிக்கும். அந்தப் பொறுமையும் பட்டியலில் சேர்த்தி.

1. முதலில் ஆபத்தை விலக்குங்கள்

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுதல், மூச்சிரைப்பு இருந்தால் சோடா குடித்து ஏப்பம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் மேல்வயிற்று அசௌகரியமாகவே வரக்கூடும்.

வயிறு கல்லாக வீங்கி, வாந்தியும் சேர்ந்து, மலமோ வாயுவோ வெளியேறவே இல்லை என்றால் குடலடைப்பாக இருக்கலாம். அதுவும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

அவசரமில்லை, ஆனால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாதவை: காரணமில்லாமல் எடை குறைதல், மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப் பழக்கம். பெண்களுக்கு வாரக்கணக்கில் தினமும் வயிறு உப்பலாகவே இருந்து, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துபோனால் சூலகத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

நாய்க்கு ஒரே ஒரு பெரிய ஆபத்து உண்டு: இரைப்பை காற்றால் ஊதி, முறுக்கிக்கொள்வது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன் போன்ற நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு அதிகம் வரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களின் உடல்வாகும் அதுதான். வாந்தியெடுக்கத் திரும்பத் திரும்ப முயலும், நுரை எச்சிலைத் தவிர எதுவும் வராது. நிலைகொள்ளாமல் அலையும், விலாவுக்குப் பின்னால் வயிறு பறைபோல் இறுகும், ஈறு வெளுக்கும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இதற்கு அறுவை சிகிச்சை தேவை. வயிற்றைத் தடவிக்கொடுப்பதும் ஓமத் தண்ணீர் புகட்டுவதும் அந்த நேரத்தைத் தின்றுவிடும். கிளம்பும்போதே மருத்துவமனைக்கு போன் செய்து, அறுவை சிகிச்சை வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. இப்போதே பொருமுகிறது என்றால்

10, 15 நிமிடம் நிதானமாக நடங்கள். நடக்கும்போது குடல் அசைந்து, தேங்கிய வாயு முன்னோக்கி நகரும். சாப்பிட்டதும் படுத்தால் அது அங்கேயே நிற்கும். நடக்க முடியாதவர்கள் மல்லாந்து படுத்து இரண்டு முழங்கால்களையும் மார்போடு அணைத்துக்கொள்ளலாம். பவனமுக்தாசனம் என்று யோகாசன வகுப்பில் சொல்லித் தருவது இதைத்தான்.

சீரகமோ ஓமமோ கொதிக்க வைத்த வெதுவெதுப்பான தண்ணீர் இழுத்துப் பிடிக்கும் வலியைத் தளர்த்தும். பனங்கற்கண்டு போட்ட பூண்டுப் பால் வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பாலும், பூண்டு ஒத்துக்கொள்ளாதவருக்குப் பூண்டும் வாயுவை உண்டாக்குபவை. அந்த டம்ளரில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. சோடாவும் வேண்டாம். அது தருகிற ஏப்பம் பெரும்பாலும் அதே சோடாவில் வந்த காற்றுதான்.

3. நேரத்தை வைத்துப் பிரியுங்கள்

குடலில் வாயு சேர இரண்டு பெரிய வழிகள்: வாயால் விழுங்கிய காற்று, செரிக்காத மாவையும் சர்க்கரையையும் பெருங்குடல் கிருமிகள் புளிக்க வைப்பது. எது என்று தெரிய நேரமே பாதி விடை சொல்லிவிடும்.

சாப்பிட்ட அரை மணிக்குள் ஏப்பமும் மேல்வயிற்று உப்பலும் வந்தால் விழுங்கிய காற்று. அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் குடல் குடகுடத்து, சில நேரம் மலமும் இளகினால் முதலில் பாலைச் சந்தேகியுங்கள். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு கீழ்வயிறு உப்பி வாயு பிரிந்தால் பயறு, வெங்காயம், கோதுமை. நாள் முழுக்க ஒரே உப்பல், மலம் உருண்டை உருண்டையாகப் போகிறது என்றால் மலச்சிக்கல்.

அதிகம் நடக்கும் தவறு, கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றவாளி ஆக்குவது. இரவு 8 மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு 9 மணிக்கு வயிறு பொருமினால் மதியம் சாப்பிட்ட கொண்டைக்கடலைக் குழம்பைப் பாருங்கள்.

நாற்றம் மட்டும்தான் தொல்லை, அளவு சாதாரணம் என்றால் கந்தகம் மிகுந்தவற்றைக் குறையுங்கள்: முட்டை, இறைச்சி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, பூண்டு. பயறு தரும் வாயு அளவில் அதிகம், வாடையில் பெரும்பாலும் குறைவு.

4. ஒரு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

நான்கு பத்தி போதும்: மணி, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, வயிறு எப்படி. ‘டிபன்’ என்று எழுதினால் பயனில்லை. ‘3 இட்லி, 1 கரண்டி சாம்பார், தேங்காய்ச் சட்னி’ என்று எழுதுங்கள். சட்னியில் பொட்டுக்கடலை அரைத்திருந்தால் அதையும் குறியுங்கள். இட்லி ஒத்துக்கொள்வதில்லை என்று ஒதுக்கும் பலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது சாம்பாரோ பொட்டுக்கடலையோதான். மாவு புளிக்கும்போது உளுந்திலுள்ள வாயு தரும் சர்க்கரையில் ஒரு பங்கு ஏற்கெனவே கரைந்துபோகிறது.

நாய்க்கு அதே நோட்டில் தனிப் பக்கம். யார் போட்டார்கள் என்ற பத்தியைக் கூடுதலாகச் சேருங்கள். காலையில் தாத்தா போடும் டீ பிஸ்கட், பள்ளியிலிருந்து வந்த குழந்தை கொட்டிய டிபன் பாக்ஸ் மிச்சம், தெருமுனைக் குப்பை எல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

5. விழுங்கும் காற்றை நிறுத்துங்கள்

செலவில்லாத படி என்பதால் இது உணவு மாற்றங்களுக்கு முன்னால் வருகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் கொடுங்கள். வாயில் உள்ளதை விழுங்கிய பிறகே அடுத்த கவளம். ஸ்ட்ரா, சூயிங் கம், குளிர்பானம், புகை நான்கையும் விடுங்கள். அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக் குடித்தால் தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும். உட்கார்ந்து சிறிது சிறிதாகக் குடியுங்கள். பல்செட் தளர்ந்திருந்தால் பல் மருத்துவரிடம் சரிசெய்துகொள்ளுங்கள். தளர்ந்த பல்செட் எச்சிலை ஊறவைத்து, அடிக்கடி விழுங்க வைக்கும்.

வயிறு கனமாக இருக்கிறதே என்று வேண்டுமென்றே ஏப்பம் விடும் பழக்கம் தனி வகை. ஒவ்வொரு முறையும் வெளியே விடுவதற்கு முன் காற்றை உணவுக்குழாய்க்குள் இழுக்கிறார்கள். அதனால் ஏப்பம் ஏப்பத்தையே வளர்க்கும். வாயை லேசாகத் திறந்து, நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, வயிறு ஏறி இறங்குமாறு மெதுவாக மூச்சு விடுங்கள். இந்த நிலையில் காற்றை இழுத்து விழுங்குவது கடினம். ஏப்பம் வரும்போல் தோன்றும்போதெல்லாம் சில நிமிடம் செய்யுங்கள்.

நாய்க்கு: கிண்ணத்தை ஓரிரு நிமிடத்தில் காலி செய்கிறது என்றால் அது உணவோடு காற்றையும் விழுங்குகிறது. மேடு பள்ளமுள்ள கிண்ணம் கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் பெரிய கிண்ணத்தின் நடுவே சிறிய எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிலும் உணவைப் போடுங்கள். அகலமான தாம்பாளத்தில் பரப்பினாலும் சரி. ஒரே வேளையாகப் போடுவதை இரண்டாக, மூன்றாகப் பிரியுங்கள். இரண்டு நாய்கள் இருந்தால் வேறு வேறு அறையில் வையுங்கள், போட்டி இருக்கும்வரை எந்தக் கிண்ணமும் வேகத்தைக் குறைக்காது. கிண்ணத்தை ஸ்டூலில் உயர்த்தி வைப்பது காற்றைக் குறைக்கும் என்று நம்பிப் பெரிய நாய்களுக்குச் செய்யாதீர்கள். பெரிய இன நாய்களில் நடந்த ஆய்வில் உயர்த்திய கிண்ணத்தோடு இரைப்பை முறுக்கு அதிகமாகவே காணப்பட்டது.

பக், புல்டாக், பாக்ஸர், ஷீ ட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்கள் மூச்சுக்காகவே காற்றை விழுங்கும். குறட்டையும் இரைப்பும் பலமாக இருந்தால் மூக்குத் துளையையும் அண்ணத்தையும் மருத்துவர் பார்க்க வேண்டும். மூச்சுவழி சரியாகாமல் உணவை மாற்றுவதால் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான்.

6. பால் சோதனை

விடை சீக்கிரம் கிடைப்பதால் உணவுச் சோதனைகளில் இது முதலில். பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைந்துவிடும்.

இரண்டு வாரம் பால், காபி, டீ, பாயசம், பால் இனிப்பு, ஐஸ்கிரீம், பன்னீர், தயிர், மோர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம், அது இருக்கட்டும். பிறகு ஒரு காலையில் 200 மி.லி. பாலை மட்டும் குடித்து, நான்கு மணி நேரம் வேறெதுவும் சாப்பிடாமல் கவனியுங்கள். அதில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் இருக்கும். ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒரு வேளைக்கு இந்த அளவு பால் உங்கள் வாயுவுக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு; மறுபடி அந்த அளவுக்குக் குடிக்கலாம்.

வயிறு கலங்கினால் முழுக்க விட வேண்டியதில்லை. முதலில் நன்கு உறைந்த தயிரைச் சேர்த்துப் பாருங்கள். உறையும்போது லாக்டோஸ் குறைகிறது, தயிரிலுள்ள பாக்டீரியாவும் உடைக்க உதவுகிறது. அடுத்து, சாப்பாட்டோடு சேர்த்து அரை டம்ளர் பால். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தாங்காதவர்கள் பலரும் இதைத் தாங்குவார்கள்.

நன்றாகக் காய்ச்சினால் சரியாகும் என்பதும், ஆட்டுப் பாலுக்கோ நாட்டு மாட்டுப் பாலுக்கோ மாறினால் சரியாகும் என்பதும் தவறான கணக்கு. காய்ச்சினால் லாக்டோஸ் அழியாது, அந்தப் பால்களிலும் அது உண்டு. பால் குடித்ததும் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல் வருபவருக்கு அது ஒவ்வாமை. அவர் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

வளர்ந்த நாய்க்குச் சோதனை தேவையில்லை. பாலை நிறுத்திவிடுங்கள். பால் சோறும் பாலில் நனைத்த ரொட்டியும் நாய்க்கு வாயுவை உண்டாக்கலாம். தாய்ப்பால் மறந்த நாய்க்குப் பால் அவசியமே இல்லை, தண்ணீர் போதும்.

7. பருப்பும் பயறும்

ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் பயறுகளில் நிறைய உண்டு. இவற்றை உடைக்கும் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. எனவே அவை அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகின்றன; அங்கே கிருமிகளுக்கு விருந்து. நல்ல விஷயம், இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். சமையலறையில் நாம் செய்யப்போவதெல்லாம் அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான்.

அ) வகையைத் தேர்ந்தெடுங்கள். தோல் நீக்கிய பாசிப்பருப்பில் தொடங்குங்கள், பிறகு துவரம்பருப்பு. கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சை, காராமணி கடைசியில்.

ஆ) ஊற வையுங்கள். ஒரு கப் முழுப் பயறுக்கு நான்கு கப் தண்ணீர், 8 முதல் 12 மணி நேரம். வெயில் காலத்தில் நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நுரைத்து நாறும். பருப்புகளுக்கு ஒரு மணி நேரம் போதும்.

இ) அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். சத்து போய்விடுமே என்று ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பவர்களுக்கு ஊறவைத்த பலனே கிடைக்காது. வெளியே எடுத்த சர்க்கரை மறுபடி குழம்புக்குள் போகிறது.

ஈ) புதுத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அதையும் வடித்துவிட்டு, மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வையுங்கள். கொஞ்சம் சுவையும் வைட்டமினும் போகும். வயிறு பழகும் வரைதான் இந்த இரண்டாவது வடிப்பு. ராஜ்மாவுக்கு மட்டும் இந்தக் கொதி ஒருபோதும் தவறக் கூடாது. அரைவேக்காட்டு ராஜ்மாவிலுள்ள லெக்டின் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

உ) விரலுக்கிடையில் நசுக்கினால் மாவாகும் வரை வேகட்டும். புளியும் தக்காளியும் வெந்த பிறகே. புளிப்பு முன்கூட்டியே சேர்ந்தால் தோல் இறுகி உள்ளே வேகாது.

ஊ) சமையல் சோடா சிட்டிகை போட்டால் சீக்கிரம் குழையும். ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும், உப்புச்சத்தும் கூடும். தினசரி வழக்கமாக்க வேண்டாம்.

எ) அளவு. வெந்தது இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒரு கரண்டி கூட்டுங்கள். தொடர்ந்து சாப்பிட்டால் சில வாரங்களில் குடல் கிருமிகளின் கலவை மாறி, பலருக்கு வாயு தானாகக் குறையும். மாதம் ஒரு முறை ஒரு தட்டு நிறைய சுண்டல் சாப்பிட்டுவிட்டு, எனக்குச் சுண்டலே ஆகாது என்பவர்கள் இந்த வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். முளைகட்டினாலும் இந்தச் சர்க்கரை குறையும். ஆனால் முளைப்பயறைப் பச்சையாகத் தின்னாமல் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

பெருங்காயம், சீரகம், சுக்கு மூன்றும் குடல் பிடிப்பைத் தளர்த்தி, சேர்ந்த வாயு வெளியேற உதவலாம். ராஃபினோஸை அவை உடைக்காது. பெருங்காயம் போட்டோமே என்று ஊறவைப்பதை விட்டுவிடாதீர்கள். கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும்.

8. வெங்காயம், பூண்டு, கோதுமை, பழச் சர்க்கரை

பால், பயறு இரண்டையும் சரிசெய்தும் போகவில்லை என்றால் மட்டும் இந்தப் படி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபாட்மேப் உணவுமுறை இதற்குத்தான். நொதித்து வாயு தரும் சர்க்கரைகளைச் சில வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது.

கோதுமையை நிறுத்தும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை: கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி. இதைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். சப்பாத்தியை நிறுத்திச் சில மாதம் கழித்து எடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்றே முடிவு வரலாம். வரிசை தவறினால் மிகவும் சிக்கலாவது இந்த இடத்தில்தான்.

வெங்காயத்திலும் பூண்டிலும் கோதுமையிலும் உள்ள, வாயு தரும் சர்க்கரையான ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாம்பாரில் போட்ட சின்ன வெங்காயத்தைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதால் பயனில்லை, ஃப்ரக்டான் ஏற்கெனவே சாம்பாருக்குள் இறங்கியிருக்கும். எண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டு வதக்கி, தண்ணீரோ புளியோ சேரும் முன் பூண்டை எடுத்துவிட்டால் மணம் கிடைக்கும், ஃப்ரக்டான் வராது. இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்யுங்கள். அறைவெப்பத்தில் நாள்கணக்கில் வைத்த பூண்டு எண்ணெயில் பொட்டுலிச நச்சு உருவாகும் ஆபத்து உண்டு. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி.

ஆப்பிள், மாம்பழம், தேன் ஆகியவற்றில் ஃப்ரக்டோஸ் மிகுதி. சுகர்ஃப்ரீ மிட்டாயிலும் சூயிங் கம்மிலும் உள்ள சார்பிட்டால், சைலிட்டால் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகும். முந்திரியும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆற வைத்த சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் செரிக்காத மாவு கூடும், சோதனைக் காலத்தில் சூடாகவே சாப்பிடுங்கள்.

விலக்கும் கட்டம் இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை. பிறகு ஒரு வகையை எடுத்து மூன்று நாள் அளவைக் கூட்டிக்கொண்டே சாப்பிட்டுப் பாருங்கள், அடுத்த வகைக்கு முன் மூன்று நாள் இடைவெளி. வயிறு நன்றாக இருக்கிறதே என்று விலக்கும் கட்டத்திலேயே தங்கிவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. நார்ச்சத்து குறைந்து, நல்ல கிருமிகளும் குறையும். குழந்தைகள், கர்ப்பிணிகள், எடை குறைந்தவர்கள் உணவியலாளர் துணையில்லாமல் இதைத் தொட வேண்டாம்.

9. மலச்சிக்கலும் மாத்திரைப் பட்டியலும்

மலம் தேங்கினால் கிருமிகளுக்கு நொதிக்க வைக்க நேரம் கூடும், வாயு வெளியேறும் வழியும் அடைபடும். இசப்கோல் மற்ற நார்களைவிடக் குறைவாக நொதிக்கும் என்பதால் பொருத்தமானது. ஒரு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரில், தினம் ஒரு வேளை. வாரம் கழித்துக் கூட்டுங்கள். முதல் நாளே மூன்று வேளை போட்டால் வயிறு இன்னும் உப்பும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைக்கும்.

இனி மாத்திரைப் பட்டியலை எடுங்கள். சர்க்கரை நோய்க்கான அகார்போஸ், வோக்ளிபோஸ் இரண்டும் மாவு சிறுகுடலில் உடைவதைத் தாமதப்படுத்துபவை. மிஞ்சும் மாவு பெருங்குடலுக்குப் போவதால் வாயு அந்த மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. மெட்ஃபார்மினும் வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு எடுப்பதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதும் உதவும். மலமிளக்கியான லாக்டுலோஸும் நொதிக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் பட்டியலைக் காட்டி, மாற்று உண்டா என்று கேளுங்கள்.

10. மருந்துக்கடையில் வாங்குவது

ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ்: பயறுக்கு மட்டும். முதல் கவளத்தோடு எடுத்தால்தான் வேலை செய்யும், வயிறு பொருமிய பிறகு எடுப்பது வீண். லாக்டேஸ்: பாலுக்கு மட்டும், அதுவும் முதல் வாயோடு. சிமெதிகோன்: சிறு குமிழிகளை ஒன்றாக்கி வெளியேற்றும் என்பது கணக்கு, உருவாகும் வாயுவைக் குறைக்காது. ஆபத்து குறைவு, பலன் ஆளுக்கு ஆள் மாறும். கரி மாத்திரை: நிரூபணம் அரைகுறை, மற்ற மருந்துகளையும் கருத்தடை மாத்திரையையும் உறிஞ்சிப் பயனில்லாமல் ஆக்கிவிடும். இவற்றில் நாங்கள் முதலில் சொல்வது இரண்டு நொதிகளையும்தான். காரணம் தெரிந்தவருக்கு மட்டுமே அவை பயன்படும், அதனால்தான் இந்தப் படி இவ்வளவு பின்னால் வருகிறது.

11. நாயின் உணவை மாற்றுதல்

இரண்டு வாரம் ஒரே உணவு, வேறெதுவும் கிடையாது. சாம்பார் சோறு, வடை, தயிர் சாதம், பிஸ்கட் எல்லாம் நிறுத்தம். சாம்பாரில் பருப்போடு வெங்காயமும் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், எனவே அது வெறும் வாயுப் பிரச்சினையோடு நிற்காது.

புது உணவுக்கு 7 முதல் 10 நாளில் மாறுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, அடுத்து பாதிக்குப் பாதி, அடுத்து முக்கால் பங்கு, பிறகு முழுவதும். ஒரே நாளில் மாற்றினால் நல்ல உணவும் வாயுவையும் பேதியையும் தரும், அதைப் பார்த்து ‘இந்த பிராண்டு ஆகவில்லை’ என்று அடுத்ததற்குத் தாவுவார்கள். பையின் பின்னால் பட்டாணி, சோயா, பயறு முதல் வரிசையில் இருந்தால் வேறொன்றைப் பாருங்கள். தின்பண்டம் நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

வீட்டில் சமைப்பவர்கள் வயிறு கெட்ட ஓரிரு நாளுக்கு எலும்பும் தோலும் நீக்கிய வெந்த கோழி ஒரு பங்கு, குழைந்த சோறு இரண்டு பங்கு என்று கொடுக்கலாம். உப்பும் மசாலாவும் வேண்டாம். இதையே மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியமும் பல தாதுக்களும் குறைபடும்.

தினமும் நடக்க வையுங்கள். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய்க்குக் குடலும் மந்தமாகும். நெஞ்சு ஆழமான பெரிய நாயை மட்டும் சாப்பாட்டை ஒட்டி ஓடவோ குதிக்கவோ விடாதீர்கள்.

நாற்றத்துக்கு: கரி, யுக்கா என்ற செடியின் சாறு, ஜிங்க் அசிடேட் சேர்ந்த தின்பண்டம் நாய்களில் வாயுவின் நாற்றத்தைக் குறைத்ததாக 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது, வாயு பிரியும் எண்ணிக்கை குறையவில்லை. உங்கள் மருந்து அலமாரியில் உள்ளது எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். சைலிட்டால் கலந்த எதுவும் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்தும், பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நச்சு, பூண்டு லேகியமும் அப்படியே.

12. இன்னும் தீரவில்லை என்றால் எதைக் கையில் எடுத்துப் போவது

மனிதருக்கு: நோட்டு, மாத்திரைப் பட்டியல், எடை. வயிற்று நோய் மருத்துவர் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனைக்குச் சொல்லலாம். அதற்கு முந்தைய நாள் பயறும் நார்ச்சத்தும் இல்லாத உணவும், சோதனைக்கு முன் வெறும் வயிறும் தேவை. சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அளவீடு தவறிப்போகும்.

நாய்க்கு: கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி, எடை மாற்றம், மலத்தின் போட்டோ. நிறையச் சாப்பிட்டும் மெலிகிறது, மலம் வெளிறிக் குவியலாக, எண்ணெய்ப் பிசுக்கோடு போகிறது என்றால் கணையம் போதிய நொதி சுரக்காமல் இருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டில் இது அதிகம். டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியும், உணவில் நொதித் தூள் கலந்து கொடுத்தால் கட்டுக்குள் வரும். குட்டி நாய்க்கோ, தெருவில் மேயும் நாய்க்கோ முதலில் புழுவையும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியையும் பாருங்கள். மல மாதிரியை அன்று காலை போனதிலிருந்து மூடியுள்ள டப்பாவில் எடுத்துப் போங்கள். ஜியார்டியா தினமும் மலத்தில் வராது. ஒரே மாதிரியில் இல்லை என்று வந்தால், ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று மாதிரி கொடுத்துப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.